6,224: போர்ட் லூயிஸ் மாவட்டத்தின் 1867 ஏப்ரல் மாதச் சாவுக் கணக்கு, ஒரு நிகழ்வு ஆய்வு

மொரீசியஸ் தீவின் இன்றைய ஒன்பது மாவட்டங்களில் பரப்பில் மிகச் சிறியது போர்ட் லூயிஸ். மூன்று பக்கம் மலையும் ஒரு பக்கம் கடலும் அடைத்து நிற்க, நாற்பத்து மூன்று சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும் இம்மாவட்டத்தில் 1867ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் மட்டும் 6,224 பேர் இறந்தனர். நாளொன்றுக்கு 207 பேர்; இரவு பகல் பாராமல் ஏழு நிமிடத்துக்கு ஓர் உயிர். அந்த ஆண்டில் தீவு முழுவதிலும் காய்ச்சலால் (அது பெரும்பாலும் மலேரியா) இறந்தவர்கள் 31,920 பேர் என்றும், தீவின் மக்கள் தொகை ஏறத்தாழ 3,30,000 என்றும் பதிவாகியிருக்கிறது. அதாவது, மற்ற நோய்களை ஒதுக்கிவிட்டுக் காய்ச்சல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாலே ஆயிரத்துக்கு 97 பேர், ஏறக்குறைய பத்தில் ஒருவர்.

இந்த எண்கள் பலமுறை எடுத்தாளப்பட்டவை. மொரீசியஸ் வரலாற்றைத் தொட்ட எவரும் இவற்றைக் கடந்து வந்திருப்பர். ஆனால் ஒரு மாவட்டத்தின் மரண வீதம் என்பது, மேலே ஓர் எண்ணும் கீழே ஓர் எண்ணும் பக்கத்தில் ஒரு காரணமும் சேர்ந்த கணக்கு. அந்த மூன்றில் எதை நம்பலாம், எதை எந்த அளவுக்கு நம்பலாம் என்ற கேள்வியைக் கேட்காமல் எண்ணை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வதால், இறந்தவர்கள் யார் என்பதும் ஏன் இறந்தார்கள் என்பதும் ஒருசேர மறைந்துபோகின்றன. இறந்தவர்களில் பெரும்பகுதியினர் இந்தியர்கள். அவர்களில் கணிசமானோர் சென்னை மாகாணத்திலிருந்து வந்த தமிழர்கள். ஆகவே இந்தக் கணக்கைத் தமிழில் ஒருமுறை சரிபார்த்து எழுதுவது நம் கடமையாகிறது.

இடமும் மக்களும்

போர்ட் லூயிஸில் தமிழர் வாழ்வு கூலிக் கப்பல்களோடு தொடங்கியதன்று. பிரெஞ்சு ஆட்சியில், லா புர்தொனே ஆளுநராக இருந்த 1735ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே, புதுச்சேரிப் பக்கத்திலிருந்து கொத்தர்களும் தச்சர்களும் கொல்லர்களும் இங்கே கொண்டுவரப்பட்டனர். அவர்கள் குடியேறிய நகரின் கிழக்குப் புறத்துக்குப் பிரெஞ்சுக்காரர் 'காம் தே மலபார்' என்று பெயரிட்டனர். 'மலபார்' என்பதைக் கேரளக் கரை என்று எடுத்துக்கொள்ளலாகாது. அக்காலத்துப் பிரெஞ்சு வழக்கில் அது பெரும்பாலும் தமிழரையே குறித்தது. லெ பூஸ் மலையடிவாரத்தில் 'திராங்க்பார்' என்று ஒரு பகுதி இன்றும் உண்டு. அது நம் தரங்கம்பாடியின் பெயர்தான் என்பதை அங்கே பேருந்துக்குக் காத்து நிற்பவர்களில் எத்தனை பேர் அறிவர் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

1834 நவம்பர் 2ஆம் நாள் 'அட்லஸ்' என்ற கப்பல் முதல் தொகுதி ஒப்பந்தக் கூலிகளை இறக்கியதிலிருந்து நிலைமை வேறாயிற்று. 1851இல் தீவின் மக்கள் தொகை 1,80,823. பத்தே ஆண்டுகளில், 1861இல், அது 3,10,050 ஆனது. அவர்களில் 1,92,634 பேர் இந்தியர்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்தவர்கள் 'பழைய குடியேறிகள்' என்று பெயர் பெற்று, தோட்டத்துக்குத் திரும்ப மனமில்லாமல், காய்கறி விற்றும் கூடை முடைந்தும் துறைமுகத்தில் மூட்டை தூக்கியும் பிழைக்க நகரத்துக்கு வந்து சேர்ந்தனர். நகரின் கிழக்கிலும் மேற்கிலும் ஓடைகளை ஒட்டிக் குடிசைகள் நெருங்கின. கொள்ளைநோய்க் காலத்தில் நகரத்தின் மக்கள் தொகை 87,000 என்று மதிப்பிட்டிருக்கிறார்கள்.

இந்த நெருக்கத்தைக் காலரா அதற்கு முன்பே இரண்டு மூன்று முறை சோதித்துப் பார்த்திருந்தது. 1854இலும் 1856இலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஆனால் காலரா கப்பலில் வந்தது, சில மாதங்களில் போனது. மலேரியா அப்படியன்று, தீவில் தங்கி, எண்பது ஆண்டுகளுக்கு மேல் குடியிருந்தது.

பகுதியும் விகுதியும்

6,224ஐ 87,000ஆல் வகுத்தால் ஒரே மாதத்தில் ஆயிரத்துக்கு 71.5 என்று வருகிறது. ஆண்டு வீதமாக்க வேண்டும் என்று பன்னிரண்டால் பெருக்கினால் 858 கிடைக்கும். அதாவது அதே வேகத்தில் போயிருந்தால் ஓராண்டு முடிவதற்குள் நகரம் ஏறக்குறைய காலியாகியிருக்கும். மாதக் கணக்கை ஆண்டுக் கணக்காக்குவது கொள்ளைநோய்க் காலத்தில் பொருளற்றது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு தேவையில்லை. ஆனாலும் நோயின் கூர்மையைக் காட்ட இந்தக் கணக்கு ஒருமுறை உதவுகிறது. நகரத்தின் அந்த ஒரு மாதச் சாவை, தீவு முழுவதிலும் அவ்வாண்டு பதிவான காய்ச்சல் சாவுகளோடு ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்குக்கு நெருங்குகிறது. இரண்டும் ஒரே வகைக் கணக்கல்ல என்றாலும், நோய் எங்கே, எப்போது குவிந்தது என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

சிக்கல் விகுதியில், அதாவது வகுக்கும் எண்ணான 87,000இல், இருக்கிறது. மரண வீதத்தின் கீழே நிற்கவேண்டிய எண், அந்த இடத்தில் அந்தக் காலத்தில் நோய்க்கு ஆட்படும் நிலையில் இருந்தவர்களின் எண். 1864இல் வடக்கு இருப்புப்பாதையும், அடுத்த ஆண்டே மலைநாட்டின் வழியாகச் செல்லும் நடுப் பாதையும் திறக்கப்பட்டிருந்தன. வசதி படைத்த குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளோடு ரயிலேறி மொக்காவுக்கும் ப்ளேன் வில்ஹெம்ஸுக்கும் கியூர்ப்பிப்புக்கும் ஏறிவிட்டன. ஆகவே ஏப்ரலில் நகரில் உண்மையில் இருந்தவர்கள் 87,000க்குக் குறைவாகவே இருந்திருக்க வேண்டும். அப்படியானால் எஞ்சியவர்களிடையே மரண வீதம் 71.5க்கும் மேல். விட்டுச் செல்ல முடிந்தவர்களையும் முடியாதவர்களையும் ஒரே விகுதியில் சேர்த்து வகுப்பதால், செத்தவர்களின் சுமை ஓடிப்போனவர்களின் மேலும் பகிர்ந்து எழுதப்படுகிறது. கணக்கில் பிழையில்லை, ஆனால் அது சொல்வது பாதிதான்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு நகர்வு இருந்திருக்கும். வேலையும் உணவும் தேடி, அல்லது மருத்துவமனையை நாடி, தோட்டங்களிலிருந்து நகரத்துக்கு வந்து இறந்தவர்கள் போர்ட் லூயிஸ் மாவட்டத்தின் சாவாகவே பதிவாவார்கள். வாழ்ந்த இடத்தைக் கொண்டு கணக்கிடுவதா, இறந்த இடத்தைக் கொண்டு கணக்கிடுவதா என்பது இன்றும் சிறிய மாவட்டங்களின் மரணக் கணக்கைக் கலைக்கும் கேள்வி. பெரிய மருத்துவமனை உள்ள ஊரில் எப்போதும் சாவு அதிகமாகவே தெரியும்.

புதைத்த இடத்தைக் கொண்டு எண்ணுவோமானால் நிலைமை இன்னும் மோசம். நகரின் மேற்கு இடுகாடு நிரம்பி வழிந்ததால், 1867இல் பாம்ப்ளமூஸ் மாவட்டத்தில், டெர் ரூஜ் ஊருக்கு அருகே, புவா மார்ஷான் இடுகாடு திறக்கப்பட்டது. பிணங்கள் ரயிலில் கொண்டுபோகப்பட்டன. ஆக, போர்ட் லூயிஸில் இறந்தவர் பாம்ப்ளமூஸ் மண்ணில் கிடக்கிறார். இடுகாட்டுப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு மாவட்டக் கணக்குப் போடுபவர், ஒரு மாவட்டத்தின் சாவை இன்னொரு மாவட்டத்தின் தலையில் எழுதிவிடுவார். புவா மார்ஷான் இன்றும் பயன்பாட்டில் இருக்கும் மிகப் பெரிய இடுகாடு. அதன் பழைய பகுதியில் கல் வைத்த சமாதிகளைவிடக் கல் இல்லாத நிலமே அதிகம் என்பதைப் பார்த்தாலே, இந்த நிலம் எப்படி நிரம்பியது என்பது விளங்கும்.

விகுதியைப் பற்றிய இன்னொரு சான்று மக்கள் தொகைக் கணக்கிலேயே இருக்கிறது. 1851 முதல் 1861 வரை 1,29,000க்கு மேல் கூடிய மக்கள் தொகை, 1861 முதல் 1871 வரை ஆறாயிரம்கூடக் கூடவில்லை. 1871இன் எண் 3,16,042. 1867இல் புதிய கூலிகளின் வரவு பெரிதும் குறைந்ததும், சிலர் ஊர் திரும்பியதும் இதற்கு ஓரளவு காரணம். எஞ்சிய இடைவெளியை நிரப்புவது சாவு. பதிவுப் புத்தகம் தவறியிருந்தாலும், பத்தாண்டுக்கு ஒருமுறை ஆள் எண்ணும் கணக்கு இல்லாதவர்களை எண்ணாமல் விட்டு, அவர்களின் இன்மையை நமக்குச் சொல்லிவிடுகிறது.

'காய்ச்சல்' என்ற ஒரே சொல்

மரணக் காரணம் எழுதும் பத்தியில் அவ்வாண்டு மீண்டும் மீண்டும் எழுதப்பட்ட சொல் காய்ச்சல். மருத்துவர்கள் சிலராகவும் நோயாளிகள் பல்லாயிரவராகவும் இருந்த நிலையில், பெரும்பாலோர் மருத்துவர் முகத்தைப் பாராமலே இறந்திருக்க வேண்டும். சாவை அறிவித்தவர் உறவினரோ அண்டை வீட்டுக்காரரோ. 'என்ன ஆயிற்று' என்று எழுத்தர் கேட்க, 'காய்ச்சல்' என்று அவர் சொல்ல, அதுவே எழுதப்பட்டிருக்கும். இதை ஏளனமாகச் சொல்லவில்லை. இன்றும் மருத்துவர் பார்க்காமல் வீட்டில் நிகழும் சாவுக்கு எழுதப்படும் காரணம், உறவினர் சொன்ன வார்த்தையைவிட அதிகம் எடை கொண்டதன்று.

அந்தச் சொல்லுக்குள் எத்தனை நோய்கள் ஒளிந்திருந்தன என்பது கேட்கவேண்டிய கேள்வி. மலேரியா தலையானது என்பதில் ஐயமில்லை: நடுக்கம், சூடு, வியர்வை என முறை வைத்து வரும் போக்கும், ஈரமான வெப்ப மாதங்களில் உச்சமடைந்து குளிர்காலத்தில் தணிந்து அடுத்த வெப்பத்தில் மீண்ட காலப்போக்கும், உயர்ந்த நிலப்பகுதிகள் தப்பியதும், குயினைன் மருந்துக்குப் பணிந்ததும், பிழைத்தவர்களின் மண்ணீரல் வீங்கியதும் ஒன்றாகச் சேர்ந்து வேறு முடிவுக்கு இடம் தருவதில்லை. ஊரில் நம்மவர்கள் இதைக் குளிர்காய்ச்சல் என்றும் முறைக்காய்ச்சல் என்றும் சொல்லி வந்தனர்; இடப்பக்கம் விலாவுக்குக் கீழே கல்லாகத் தட்டுப்படும் மண்ணீரலுக்குக் 'காய்ச்சல்கட்டி' என்று நம் மொழியில் தனிச் சொல்லே உண்டு. பின்னாளில் மலேரியா ஆய்வாளர் ரொனால்டு ராஸ் இத்தீவுக்கு வந்து பள்ளிப் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து மண்ணீரல் வீதம், அதாவது மண்ணீரல் வீங்கிய பிள்ளைகள் நூற்றுக்கு எத்தனை பேர் என்று, கணக்கிட்டபோது, தமிழ்க் கிழவிகள் வெகுகாலமாகச் செய்து வந்த சோதனையைத்தான் அவர் ஆயிரக்கணக்கில் செய்து அட்டவணையிட்டார்.

ஆனால் சத்துக்குறைவால் ஏற்கெனவே மெலிந்திருந்தவரும், காய்ச்சலுக்குப் பின் பேதி கண்டு இறந்தவரும், கருவுற்ற நிலையில் மலேரியா தாக்கிப் பிள்ளையோடு மாண்ட பெண்ணும், தாய் இறந்ததால் பாலின்றி ஒரு மாதம் கழித்து இறந்த கைக்குழந்தையும் எந்தப் பத்தியில் எழுதப்படுவர்? முதல் மூவர் 'காய்ச்சல்' ஆவர். கடைசிக் குழந்தை வேறு ஏதோ பெயரில் போகும். மரணக் காரணத்தை ஒற்றைச் சொல்லாக எழுதும் முறை, ஒன்றன்பின் ஒன்றாக வந்த காரணங்களின் சங்கிலியை அறுத்து ஒரு கண்ணியை மட்டும் வைத்துக்கொள்கிறது. இக்காலத்து மரணச் சான்றிதழ், 'நேரடிக் காரணம்', 'அதற்கு முந்தைய காரணம்', 'அடிப்படைக் காரணம்' என்று அடுக்காகக் கேட்பதன் நோக்கம் இதுதான். கொள்ளைநோய் ஆண்டில் மற்ற காரணங்களால் பதிவான சாவுகளும் கூடியிருந்தால், அந்தக் கூடுதலில் பெரும்பகுதியைக் கொள்ளைநோயின் கணக்கிலேயே சேர்க்கவேண்டும். முந்தைய ஆண்டுகளின் சராசரியைக் கழித்து எஞ்சும் 'மிகைச் சாவு' காய்ச்சல் பத்தியைவிட நேர்மையான அளவு என்பது இதனால்தான்.

ஏன் அங்கே, ஏன் அப்போது

நோய் முதலில் தோன்றியது நகரத்தில் அன்று. மேற்குக் கரையில், ஆல்பியோன், பெத்தித் ரிவியேர் பக்கத்துத் தோட்டங்களில் அது தலைகாட்டி, கரையோரமாக வடக்கே ஏறி நகரத்தை அடைந்தது. 1865 பிப்ரவரியில் பெரு வெள்ளம் நகரைப் புரட்டியது. அடுத்த ஆண்டு வறட்சி. வெள்ளம் ஓடைகளை உடைத்துக் குட்டைகளை விட்டுச்செல்ல, வறட்சி ஓடும் ஆறுகளைத் தேங்கிய பள்ளங்களாக மாற்றியது. இருப்புப்பாதைக்கு மண்ணெடுத்த குழிகள், கரும்புக்குக் கொண்டுவந்த நீர் கசிந்த வாய்க்கால் ஓரங்கள், மாட்டுக் குளம்பு பதிந்த சேறு என்று வெயில் படும் சிறு நீர்நிலைகள் எங்கும் பெருகின. ஆண்டுக்கு ஒரு லட்சம் டன்னுக்கு மேல் சர்க்கரை செய்யக் காட்டை வெட்டித் தள்ளிய தீவில் நிழலும் குறைந்திருந்தது. மலேரியாவைப் பரப்பும் ஆப்பிரிக்க அனாபிலிஸ் கொசு முட்டையிட விரும்புவது இப்படிப்பட்ட இடங்களைத்தான். அதன் உறவான ஃபனெஸ்டஸ் கொசு, புல் அடர்ந்த சதுப்பையும் மெல்ல ஓடும் ஓடையையும் எடுத்துக்கொண்டது. இடத்தைப் பங்கு போட்டுக்கொள்ள இரண்டு கொசுக்கள்.

வெப்பநிலைக்கும் இதில் பங்குண்டு. கொசுவின் உடலுக்குள் மலேரியா ஒட்டுண்ணி முதிர்ந்து கடிக்கத் தகுந்த நிலையை அடைய, போர்ட் லூயிஸின் கோடை வெப்பத்தில் பத்துப் பன்னிரண்டு நாட்கள் போதும். குளிர் ஏற ஏற அந்த நாட்கள் நீண்டு, இருபது பாகைக்குக் கீழே போகும்போது கொடிய வகை ஒட்டுண்ணி முதிர்வதற்குள் கொசுவின் ஆயுள் முடிந்துவிடுகிறது. ஐந்நூறு மீட்டருக்கு மேல் உயரத்தில், மழையும் மூடுபனியுமாக இருக்கும் கியூர்ப்பிப் தப்பியதற்கும், ஏப்ரல் உச்சத்துக்குப் பின் ஜூன், ஜூலையில் நகரம் மூச்சுவிட்டதற்கும் காரணம் ஒன்றே. 1867இல் இதை யாரும் அறிந்திருக்க வழியில்லை. ஒட்டுண்ணியைப் பிரெஞ்சு மருத்துவர் லவரான் கண்டது 1880இல். கொசுவின் வயிற்றில் அதை ராஸ் கண்டது 1897 ஆகஸ்டில், செகந்தராபாத்தில். ஆனால் பாம்ப்ளமூஸ் வானிலை ஆய்வகத்தின் சார்ல்ஸ் மெல்ட்ரம், கொசுவைப் பற்றி ஏதும் அறியாமலே, மாவட்டம் மாவட்டமாகச் சாவுக் கணக்கை எடுத்து, அதை வெப்பத்தோடும் ஈரத்தோடும் மழையோடும் வைத்து ஒப்பிட்டார் என்பதைக் குறிப்பிடவேண்டும். காரணம் தெரியாதபோதும் எண்களை இடம், காலம் என்று பிரித்து அடுக்கினால் காரணத்தின் நிழல் தெரியும் என்பதற்கு அவர் பணி நல்ல சான்று.

கூலி கொண்டுவந்த நோயா

காய்ச்சலை இந்தியக் கூலி கொண்டுவந்தான் என்ற பேச்சு அப்போதே எழுந்தது, பிறகும் வெகுகாலம் நின்றது. இது முற்றும் பொய்யன்று என்பதால்தான் இதை விரிவாக எடுத்துக்கொள்ளவேண்டியிருக்கிறது. சென்னை மாகாணத்திலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்தவர்களில் பலர் இரத்தத்தில் ஒட்டுண்ணியோடு வந்திருப்பார்கள். ஆனால் அவர்கள் 1834 முதல் வந்துகொண்டிருந்தார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல், ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில், நடுங்கிக்கொண்டே இறங்கியவர்கள் இருந்தும், தீவில் பிறந்த ஒரு பிள்ளைக்கும் நோய் தொற்றிப் பரவவில்லை. தீவுக்கு நல்ல காற்று என்ற பெயரே இருந்தது. விதை வந்து விழுந்துகொண்டே இருந்தது; ஏந்திப் பிடிக்க நிலம் இல்லை. இல்லாதிருந்தது கொசு.

அனாபிலிஸ் கொசு 1866க்குச் சற்று முன்பே வந்திருக்கவேண்டும் என்று ராஸ் வாதிட்டார். இரண்டு இனங்களும் ஆப்பிரிக்க வகையைச் சேர்ந்தவை என்பதால், அவை இந்தியாவிலிருந்து வரவில்லை. மடகாஸ்கருக்கும் ஆப்பிரிக்கக் கரைக்கும் போர்ட் லூயிஸுக்கும் இடையே மாடும் அரிசியும் சரக்கும் ஏற்றி ஓடிய கப்பல்களே அவற்றுக்கு வாகனம் என்பது பொருத்தமான முடிவு. அதற்குச் சில ஆண்டுகளில், 1868–69இல், அண்டையிலுள்ள ரீயூனியன் தீவையும் காய்ச்சல் பிடித்தது; அங்கும் தமிழ்க் கூலிகள் வெகுகாலம் முன்பே இருந்தார்கள். ஆளைக் குற்றம் சொல்வது எளிது; ஆளுக்குப் பெயரும் எண்ணும் உண்டு. கொசு வந்த கப்பலின் பதிவேடு யாரிடமும் இல்லை.

இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டியது, நோய்க்கு முன்பே பழகியவர், பழகாதவர் என்ற வேறுபாடு. மலேரியா மலிந்த ஊரில் பிறந்து வளர்ந்தவருக்கு ஓரளவு தாங்கும் வலிமை உண்டு. ஆனால் நோயில்லாத இடத்தில் சில ஆண்டுகள் வாழ்ந்தால் அது தேய்ந்துவிடுகிறது. ஆகவே நேற்று இறங்கிய தஞ்சாவூர்க்காரரைவிட, இருபது ஆண்டு நகரத்தில் காய்கறி விற்ற பழைய குடியேறியும், இங்கேயே பிறந்த அவர் பிள்ளைகளும் அதிக ஆபத்தில் இருந்தனர் என்று எதிர்பார்க்கலாம். கப்பல் கூலிக்குத் தாக்குப்பிடிக்கும் உடல், வேரூன்றியவருக்கு அடி. அந்நகரத்தில் வேரூன்றியவர்கள் காம் தே மலபாரிலும் ஓடைக்கரைக் குடிசைகளிலும்தான் இருந்தார்கள்.

நோய்க்குப் பின்னால் நின்ற காரணங்கள்

குயினைன் இருந்தது. எல்லோருக்கும் இல்லை. கையிருப்புத் தீர்ந்து விலை ஏறியபோது, நோயில் படுத்த கூலியின் கைக்கு அது எட்டவில்லை. படுத்தவனுக்குக் கூலியும் இல்லை. தோட்டத்தில் வேலைக்கு வராத ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு நாள் கூலி பிடிக்கும் 'இரட்டை வெட்டு' நடைமுறையில் இருந்த காலம் அது. நோய் என்று கூலிகளை மேற்பார்க்கும் சர்தார் ஏற்றுக்கொண்டால் ஒழிய, நடுக்கமும் சோம்பலும் ஒரே கணக்கில் விழுந்தன. அந்த முறை 1909 வரை நீடித்தது. காய்ச்சல் முழுதாகத் தணியாத அதே 1867இல்தான், பழைய குடியேறிகள் தம் நிழற்படம் ஒட்டிய அனுமதிச் சீட்டில்லாமல் மாவட்டம் விட்டு மாவட்டம் போகக்கூடாது என்னும் சட்டமும் வந்தது. குயினைனை விட்டால், ரயிலேறி மேட்டுநிலத்துக்குப் போவதுதான் அன்று தெரிந்த ஒரே மருந்து. அந்த மருந்துக்குப் பணமும் சீட்டும் வேண்டியிருந்தது. ஐந்தாண்டுக்குப் பின் வந்த அரச விசாரணைக்குழு, இந்தச் சட்டத்தின் கீழ் நடந்த கைதுகளையும் தோட்டத்துக் கூலிப் பிடிப்பையும் பற்றிக் கடுமையாக எழுதியது.

ஆகவே மரணக் காரணத்தை நான் எழுதவேண்டுமானால், நேரடிக் காரணத்துக்கு நேரே மலேரியா என்றும், அதற்கு முந்தைய வரியில் குயினைன் எட்டாமை, பசி என்றும், அடிப்படைக் காரணமாக விட்டு வெளியேற முடியாத இடத்தில் வைக்கப்பட்டது என்றும் எழுதுவேன். மருத்துவக் கழகம் ஏற்காது. ஆனால் ஒரே கொசு கடித்த ஒரே நகரத்தில், ஒரு பகுதியார் கியூர்ப்பிப்பை ஊராக்கிக்கொள்ள, இன்னொரு பகுதியார் புவா மார்ஷானை நிரப்பியதற்கு உயிரியல் மட்டும் விடை தராது. தீவின் மேட்டு நகரங்கள் இன்றிருக்கும் வடிவமே இந்த ஓட்டத்தின் எச்சம்.

இறந்தவர்களைத் தேடுவோருக்கு ஒரு வழி இருக்கிறது. மொக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் பாதுகாக்கப்படும் இந்தியக் குடியேற்றப் பதிவேடுகளில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், வந்த கப்பல் என்று வரிசையாக எழுதி, இறந்திருந்தால் அந்த நாளும் பின்னர் சேர்க்கப்பட்டிருக்கும். முத்துசாமியையும் வீராசாமியையும் கப்பல் எழுத்தர் தம் காதுக்குக் கேட்டபடி எழுதியதால், தமிழ் தெரிந்தவர் மட்டுமே அந்தப் பெயரை மீண்டும் பெயராக்க முடியும். காய்ச்சல் என்ற ஒரே சொல்லுக்கு வயதும் பாலும் ஊரும் தொழிலும் சேர்த்து, போர்ட் லூயிஸின் ஏப்ரலைப் பிரித்து எண்ண வேண்டுமென்றால், இந்தப் பதிவேட்டு எண்ணையும் குடிமைப் பதிவின் சாவுக் குறிப்பையும் இணைப்பதே வழி. நான் பார்த்தவரையில் இது அலுப்பூட்டும், கண்ணைக் கெடுக்கும் வேலை. ஆனால் செய்யக்கூடிய வேலை.

பின் வந்த காலம்

1868இல் காய்ச்சல் மீண்டும் எழுந்து, பிறகு தன் கூர்மை மழுங்கி, குழந்தைகளின் நோயாகத் தங்கிவிட்டது. சதுப்பை உறிஞ்சும் என்று யூக்கலிப்டசும் சவுக்கும் நட்டார்கள். 1907 நவம்பரில் ராஸ் வந்து மூன்று மாதம் தங்கி, பிள்ளைகளின் மண்ணீரலையும் கொசுவின் நீர்நிலைகளையும் கணக்கெடுத்து, ஓடைகளைச் சீராக்கவும் சதுப்புகளை வடிக்கவும் குயினைன் கொடுக்கவும் திட்டம் எழுதினார். நடந்தது கொஞ்சம். 1899இல் பிளேக், 1919இல் இன்ஃபுளுவென்சா என்று வேறு நோய்கள் வந்து போக, மலேரியா மட்டும் ஆண்டுதோறும் தன் பங்கை எடுத்துக்கொண்டிருந்தது.

1949இல் தொடங்கி வீடு வீடாகச் சுவரில் டி.டி.டி. அடித்தபோது நிலைமை தலைகீழானது. நாற்பதுகளில் ஆயிரத்துக்கு இருபதுக்கு மேல் நின்ற தீவின் மரண வீதம் இரண்டு மூன்று ஆண்டுகளில் பதினைந்துக்குக் கீழே இறங்கியது. ஃபனெஸ்டஸ் கொசு தீவிலிருந்தே அற்றுப்போனது. மருந்தடிக்க வந்தவர்கள் சாமிப் படங்களைச் சுவரிலிருந்து இறக்கிவைக்கச் சொன்னதையும், வெள்ளைப் பூச்சு ஆறு மாதம் சுவரில் நின்றதையும் என் பாட்டி சொல்லுவார். அது எந்தக் கணக்கிலும் இல்லாத தகவல். ஆனால் அந்தச் சரிவு எந்தச் சுவரில் நிகழ்ந்தது என்பதை அது காட்டுகிறது.

1973இல் மொரீசியஸில் மலேரியா ஒழிந்தது என்று உலகச் சுகாதார நிறுவனம் சான்றளித்தது. 1975 பிப்ரவரியில் ஜெர்வேஸ் புயல் வீடுகளை இடித்து, எங்கும் நீரைத் தேக்கி, வெளிநாட்டிலிருந்து வேலையாட்களையும் வரவழைத்த பின், நோய் திரும்பியது. அதை மறுபடி அடக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. 1998 முதல் உள்ளூரில் தொற்றிய நோயாளி எவரும் இல்லை. வெளியில் பறக்கும் ஆப்பிரிக்க அனாபிலிஸ் மட்டும் இன்னும் இருக்கிறது.

அதனால்தான், தைப்பூசத்துக்குப் பழனிக்கோ, குலதெய்வம் தேடித் திருச்சிப் பக்கத்துக் கிராமத்துக்கோ போய்விட்டு விமானத்தில் திரும்பும் நம்மவர் ஒவ்வொருவரின் முகவரியையும் விமான நிலையத்தில் வாங்கிக்கொள்கிறார்கள். சில நாளில் சுகாதார ஆய்வாளர் வீட்டு வாசலில் வந்து நின்று, 'காய்ச்சல் உண்டா?' என்று கேட்டு, விரல் நுனியில் ஊசி குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் எடுத்துப் போகிறார்.